அம்மா வீடு, மூணு பங்கு: குடியேற்ற விண்ணப்பத்துக்காக ஆற்காட்டில் செய்த ஒரு மதிப்பீடு

2024 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, வேலூரில் என் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு போன். பேசியவர் ஆற்காட்டில் பிறந்து வளர்ந்த பெண். அங்கே போய்ப் பதினாறு வருஷமாகிறது, குடியுரிமையும் வாங்கிவிட்டார்.

"சார், அம்மாவை எங்களோட கூப்பிட்டுக்கப் போறோம். அம்மா வீட்டுக்கு ஒரு வேல்யூவேஷன் ரிப்போர்ட் வேணும். கொஞ்சம் சீக்கிரம்."

"பேங்குக்கா, விசாவுக்கா?" என்று கேட்டேன்.

"விசாவுக்கு."

சரி, செய்துவிடலாம் என்று தேதி சொல்லி போனை வைத்தேன். இந்தக் கதையில் நடந்த முதல் தப்பு அதுதான், என்னுடையது. என்ன விசா, எந்தப் படிவம், அந்தப் படிவம் வீட்டைப் பற்றி என்ன கேட்கிறது என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் அடுத்த மூன்று மாதம் அலைச்சல் பாதியாகக் குறைந்திருக்கும்.

பழக்கதோஷம் என்று சொல்லலாம். வேலூர், காட்பாடி பக்கம் விசாவுக்கு என்று வருகிற மதிப்பீடுகளில் பெரும்பாலானவை மாணவர்களுடையவை. அப்பா பெயரில் வீடு, அதற்கு ஒரு ரிப்போர்ட், அதை வைத்து ஆடிட்டர் ஒரு சொத்து நிலைச் சான்று எழுதுவார், கோப்பில் சேரும். அங்கே உண்மையில் பார்க்கப்படுவது பேங்க் கணக்கில் இருக்கும் பணமும் கல்விக் கடன் அனுமதிக் கடிதமும்தான். வீட்டுக்கு அங்கே அலங்காரத் தூண் வேலை. இந்த அம்மாவின் விண்ணப்பத்தில் வீடு பாரம் தாங்கும் தூண் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

படிவம் கேட்டது என்ன

அமெரிக்கக் குடிமகளாக இருக்கும் மகள் தாயைக் குடியேற்றத்துக்கு அழைக்கும்போது ஐ-864 என்று ஒரு படிவம் கொடுக்க வேண்டும். 'வருகிறவரை நான் பார்த்துக்கொள்வேன், அரசுக்குப் பாரமாக விடமாட்டேன்' என்று ஸ்பான்சர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. சும்மா காகிதம் கிடையாது, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். வந்தவர் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கும் வரை, அல்லது அங்கே நாற்பது காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரை, அல்லது நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பும் வரை, அல்லது காலமாகும் வரை அது ஸ்பான்சரின் தலையில் இருக்கும்.

இதில் ஒரு வருமான வரம்பு உண்டு. வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து, அந்நாட்டு வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் வருமானம் காட்ட வேண்டும். மகள், அவர் கணவர், ஒரு பையன், வரப்போகும் அம்மா என்று நாலு பேர். 2024ஆம் ஆண்டுக் கணக்கில் நாலு பேர் குடும்பத்துக்கு வறுமைக்கோடு 31,200 டாலர். அதில் 125 சதவீதம் என்றால் 39,000. மகளுக்குப் பகுதிநேர வேலை, வருஷத்துக்கு 27,000 டாலர். கணவர் முந்தைய வருஷக் கடைசியில் வேலை இழந்து அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தார். ஆக 12,000 குறைகிறது.

குறையைச் சொத்து காட்டி நிரப்பலாம், ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று இல்லை. குடிமகனின் கணவன் மனைவிக்கும் வயது வந்த பிள்ளைகளுக்கும் குறைவைப் போல மூன்று மடங்கு சொத்து போதும். பெற்றோருக்கு ஐந்து மடங்கு. 12,000 ஐந்து தடவை, 60,000 டாலர். டாலருக்கு 83 ரூபாய் 50 காசு என்று வைத்தால் 50 லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். வருகிறவரின் சொத்தையே காட்டலாம் என்பதால் 'அம்மா வீடு' ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

இன்னொருவரைக் கூட்டு ஸ்பான்சராகப் போட்டால் இந்தக் கணக்கே வேண்டாம். மகளுக்கு அதில் மனமில்லை. "சொந்த வீடு இருக்கும்போது எதுக்கு சார் அடுத்தவங்க வாசல்ல போய் நிக்கணும்?" என்று பிறகு ஒருநாள் சொன்னார். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது முதல் ரிப்போர்ட் போன பிறகு.

டேப்பும் குழாய்த் தண்ணியும்

வேலூரிலிருந்து ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர். ரத்தினகிரி தாண்டினால் வந்துவிடும். வீடு ஊருக்குள் ஒரு நடுத்தரமான தெருவில், தெற்குப் பார்த்தது. இறந்துபோன அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். 1991இல் மனை வாங்கி, 1994இல் தரைத்தளம் கட்டி, 2009இல் மாடி எடுத்திருக்கிறார். கீழே அம்மா. மாடியில் மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். மகன் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். நான் போன நேரம் அவர் வேலையில் இருந்தார்.

என் உதவியாளர் டேப் பிடிக்க, மனை 1,800 சதுர அடி, கீழ்க்கட்டடம் 1,050, மாடி 800 என்று குறித்துக்கொண்டோம். சமையலறை மேற்கூரையில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்ந்திருந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு விரிசல், பயப்படும்படி இல்லை. அப்புறம் குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு. இந்தப் பாலாற்றங்கரை ஊர்களில் வீடு வாங்க வருகிறவரும் இதைத்தான் முதலில் செய்வார். தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது பற்றிய வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் 'வேலூர் வழக்கு' என்று பாடம் நடத்துகிறார்கள். தண்ணீரின் ருசி எங்கள் தொழிலில் சதுர அடிக்கு நூறு இருநூறு ரூபாய் வரை பேசும்.

கிளம்பும்போது அந்த அம்மா பின்கட்டிலிருந்து கூப்பிட்டார்: "தம்பி, ரெண்டு தென்ன கீதே, அதயும் எழுதிக்கினியா?"

எழுதிக்கொள்கிறேன் அம்மா என்று தலையாட்டினேன். உண்மையில் எழுதவில்லை. வீட்டு மனையில் நிற்கும் இரண்டு மரத்துக்கு யாரும் தனி வரி போடுவதில்லை.

நிலத்துக்கு விலை வைப்பதுதான் இந்த வேலையில் தலைவலி. கட்டடத்துக்குச் சூத்திரம் இருக்கிறது: இன்றைக்குப் புதிதாகக் கட்ட ஆகும் செலவு, அதில் வயதுக்கான தேய்மானம் கழித்தால் வந்துவிடும். நிலத்துக்கு அக்கம்பக்கத்து விற்பனையைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பத்திரத்தில் எழுதிய தொகை ஒன்று, கைமாறிய தொகை வேறு என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பதிவான கிரயங்களை மட்டும் பார்த்தால் அந்தத் தெருவில் சதுர அடி ஆயிரத்துச் சொச்சம்தான். தரகரைக் கேட்டால் மூவாயிரம் என்பார். அரசு வழிகாட்டி மதிப்பு இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் தனியே நிற்கும். அதற்கும் ஒரு கதை உண்டு. 2017இல் மாநிலம் முழுவதும் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023இல் பழையபடி ஏற்றினார்கள், 2024 ஜூலை 1 முதல் மறுபடி மாற்றினார்கள்.

நான் கைக்கொள்ளும் வழி, பேங்க் கடன் போட்டு வாங்கப்பட்ட வீடுகளைத் தேடுவது. கடன் அதிகம் வேண்டும் என்பதற்காகவே அந்தப் பத்திரங்களில் விலை உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு தெருக்களில் அப்படி மூன்று கிடைத்தன, சதுர அடிக்கு 2,050 முதல் 2,350 வரை. நான் 2,200 வைத்தேன்.

நிலம் 39 லட்சத்து 60 ஆயிரம். தரைத்தளம் சதுர அடி 1,900 வீதம் 19 லட்சத்து 95 ஆயிரம், அறுபது வருஷ ஆயுளில் முப்பது போய்விட்டதால் 45 சதவீதம் கழித்து 10 லட்சத்து 97 ஆயிரம். மாடி 15 லட்சத்து 20 ஆயிரத்தில் பதினைந்து வருஷத் தேய்மானம் போக 11 லட்சத்து 78 ஆயிரம். காம்பவுண்டு, போர்வெல், சம்பு, கேட் எல்லாம் சேர்த்து ஒன்று அறுபது. மொத்தம் 63 லட்சத்து 95 ஆயிரம் சொச்சம், ரவுண்டாக 64 லட்சம். டாலரில் ஏறக்குறைய 76,600.

இதற்கிடையில் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு போன். "சார், ஒரு கோடி போட முடியுமா? பேங்குக்கா குடுக்கப் போறோம்? யாருக்கும் நஷ்டமில்லையே." வேலை போன மனுஷன், பதற்றத்தில் கேட்கிறார் என்று புரிந்தது. முடியாது என்றேன். என் பதிவெண் போவது ஒரு பக்கம். குடியேற்ற விண்ணப்பத்தில் தெரிந்தே முக்கியமான பொய்யைக் காட்டியதாக முடிவானால், விண்ணப்பித்த அம்மாவுக்கு அந்நாட்டு வாசல் ஆயுளுக்கும் மூடிவிடக்கூடும். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ரிப்போர்ட்டை பேங்குக்குக் கொடுக்கும் அதே அச்சில் அடித்து, சீல் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினேன். உரிமையாளர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டு, 'காலமானார், தற்போது மனைவி வசம்' என்று எழுதியிருந்தேன். குடியிருப்பவர் என்ற கட்டத்தில் 'சொந்தக் குடியிருப்பு'. இரண்டு கட்டமும் பொய் கிடையாது. இரண்டும் அரைகுறை.

வக்கீலின் கடிதம்

மூன்று வாரத்தில் மகள் அங்கே வைத்திருந்த குடியேற்ற வக்கீல் கேள்விகளோடு திருப்பி அனுப்பினார். தொகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 64 லட்சமா 46 லட்சமா என்று அவர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

முதலில், நீங்கள் யார்? என் முத்திரையில் செல்வ வரிச் சட்டம் 1957, பிரிவு 34ஏபி என்று இருக்கும். அவர் தேடிப் பார்த்திருக்கிறார். இந்தியாவில் செல்வ வரி 2015 பட்ஜெட்டிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டதே, இல்லாத வரிக்கு எப்படி மதிப்பீட்டாளர் என்று கேட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நியாயமான கேள்வி. வரி போனாலும் அந்தப் பிரிவில் பதிவு செய்த மதிப்பீட்டாளர்களை வருமான வரித் துறையும் வங்கிகளும் இன்றும் ஏற்கின்றன, கம்பெனிச் சட்டத்தின் கீழ் 2017 விதிகளின்படி வேறொரு பதிவு முறையும் இருக்கிறது என்று அரைப் பக்கம் எழுத வேண்டியதாயிற்று.

இரண்டாவது, இது ஒரே சொத்துதானா? இதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. ஆவணங்களை மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று புரிந்தது. 1978ஆம் வருஷத்துத் தாய்ப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம். 1991 கிரயப் பத்திரத்தில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 2009 கடன் ஆவணத்தில் வேலூர் மாவட்டம். வாரிசுச் சான்றிதழிலும் புது வரி ரசீதிலும் ராணிப்பேட்டை மாவட்டம். 1989இல் பழைய வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது, 1990களின் பிற்பகுதியில் நம் பகுதி வேலூர் மாவட்டம் ஆனது, 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகி ஆற்காடு ராணிப்பேட்டைக்குப் போனது என்பது நமக்குச் சாப்பாட்டு மேஜைப் பேச்சு. கடல் தாண்டி உட்கார்ந்து கோப்பு பார்க்கிறவருக்கு நாலு ஊரில் நாலு வீடு. ஒரு செங்கல்கூட நகராமல் அந்த வீடு நாலு மாவட்டத்தில் இருந்திருக்கிறது. பழைய சர்வே எண்ணும் நகர அளவையில் கிடைத்த புது எண்ணும் வேறு வேறு என்பதால் குழப்பம் இரட்டிப்பு.

வாரிசுச் சான்றிதழில் அம்மாவின் பெயர் ஊரில் கூப்பிடுகிற மாதிரி. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம். தமிழ் ஆவணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் கையெழுத்துடன். இதெல்லாம் செலவும் அலைச்சலும்தான், சிக்கல் இல்லை.

சிக்கல் மூன்றாவது கேள்வியில் இருந்தது: இந்தச் சொத்தின் மேல் கடன் இருக்கிறதா? படிவத்துக்கு வேண்டியது கடன் போக நிற்கும் நிகர மதிப்பு. இல்லை என்றார் மகள். இல்லவே இல்லை என்றார் அம்மா. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் 2009இல் மாடி கட்ட வாங்கிய ஆறு லட்சம் ரூபாய்க்கு அடமானம் அப்படியே நிற்கிறது. கடன் 2017இலேயே தீர்ந்துவிட்டது. பத்திரத்தையும் திருப்பி வாங்கி பீரோவில் வைத்திருக்கிறார்கள். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவில்லை, அவ்வளவுதான். இந்த மாவட்டத்தில் நான் பார்க்கிற பழைய வீடுகளில் இது சகஜம். பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். கடன் கொடுத்த வங்கிக் கிளை வேறொரு கிளையோடு சேர்ந்துவிட்டதால், கையெழுத்துப் போட அதிகாரம் உள்ள ஆளைத் தேடிப் பிடிக்கவே ஆறு வாரம் ஆனது.

நாலாவது கேள்விதான் வீட்டையே உலுக்கியது. இந்த வீட்டில் விண்ணப்பதாரரின் பங்கு எவ்வளவு?

பங்கு

ஆசிரியர் 2019 ஜனவரியில் காலமானார், உயில் எழுதவில்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒன்று வந்திருக்கும். அவர் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். எனவே மூன்றில் ஒன்று. எல்லோரும் வாய் நிறைய அம்மா வீடு, அம்மா வீடு என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் அம்மாவுக்கு 21 லட்சத்து 33 ஆயிரம், டாலரில் 25,500.

மகளும் ஒரு வாரிசு என்பதை அவரே மறந்திருந்தார். ஸ்பான்சரின் சொந்தச் சொத்தும் கணக்கில் வரும் என்பதால் இரண்டு பங்கு சேர்த்தால் 51,000 டாலர். இன்னும் 9,000 குறைகிறது. அம்மா பெயரில் கணவரின் ஓய்வுப் பணத்தில் போட்ட ஒன்பது லட்சம் ரூபாய் டெபாசிட் இருந்தது. அதையும் கூட்டினால் 61,800 டாலர். அப்பாடா என்றார் மகள். டாலர் மூன்று ரூபாய் ஏறினால் இந்த அப்பாடா காணாமல் போய்விடும் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வாரம்தான் அந்தப் பெண்ணின் தம்பி, மாடியில் குடியிருக்கும் மகன், என் அலுவலகத்துக்கு வந்தார். ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருப்பார் போல, கம்பெனிச் சட்டையில், கையில் என் முதல் ரிப்போர்ட்டின் நகலோடு. நாற்காலியில் உட்காரவில்லை.

"சார், வூட்ட விக்கப் போறாங்களா? எனக்கு மட்டும்தான் சொல்லலியா?"

விற்பனை இல்லை, மதிப்புதான் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு ரிப்போர்ட்டைப் புரட்டி மாடி என்று இருந்த வரியில் விரல் வைத்தார். கடன் அப்பா பெயரில் வாங்கியது, ஆனால் எட்டு வருஷம் மாதாமாதம் தவணை போனது அவர் சம்பளத்தில். "இந்தப் பதினொன்னே முக்கால் லட்சம் யாருது சார்?"

மதிப்புப் போடுகிறவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உரிமை கிடையாது. மனை யார் பெயரில் இருக்கிறதோ அதன் மேல் நிற்கும் கட்டடமும் அவருடையது என்றுதான் ஆவணம் பேசும். யார் காசு என்பதை வக்கீலிடம் பேசுங்கள் என்றேன். சொல்லும்போதே என் 'சொந்தக் குடியிருப்பு' என்ற இரண்டு வார்த்தை எவ்வளவு அலட்சியமாக விழுந்த வார்த்தை என்று உறைத்தது. நாலு பேர் அந்த மாடியில் சமைத்துச் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள், ரிப்போர்ட்டில் அவர்கள் இல்லை.

அக்காவும் அம்மாவும் யோசித்து ஒரு வழி சொன்னார்கள். தம்பி தன் பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுப்பது. அம்மா அங்கே போய்ச் சேர்ந்ததும் செட்டில்மென்ட் செய்து திருப்பிக் கொடுப்பது. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வையும் குறைவு. காகிதத்தில் அழகாக இருக்கிறது. என்னைக் கேட்டார்கள். எனக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தில் நான் வாய் விடுகிறவன் இல்லை, ஆனாலும் வேண்டாம் என்றேன். விடுதலைப் பத்திரம் பதிவானால் அது உண்மையிலேயே விடுதலை; நாளைக்கு அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆனால் தம்பி தான் குடியிருக்கும் வீட்டில் மறுபடி பங்குக்கு நிற்க வேண்டும். திருப்பித் தருவதாகப் பேசி வைத்துக்கொண்டு சொத்தைக் கணக்கில் காட்டுவது மாப்பிள்ளை கேட்ட ஒரு கோடிக்குச் சித்தப்பா மகன் முறை.

அதோடு படிவத்தின் வாசகத்தையும் அதற்குள் நான் உட்கார்ந்து படித்திருந்தேன். காட்டுகிற சொத்தை ஒரு வருஷத்துக்குள் பணமாக்க முடிய வேண்டும். அப்படி ஆக்குவதால் உரிமையாளருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ பெரிய கஷ்டமோ நஷ்டமோ வரக்கூடாது. குடும்பத்தார் என்ற வார்த்தையில் மாடியில் இருக்கும் நாலு பேரும் அடக்கம். பிரிக்கப்படாத பங்கை ஆற்காட்டில் யார் வாங்குவார்கள் என்ற கேள்வி வேறு. தம்பி குடியிருக்கும் வீட்டில் அக்கா பங்கை வாங்க வெளியாள் எவரும் வரமாட்டார். வந்தால் அவர் வழக்கு வாங்கத்தான் வருகிறார் என்று அர்த்தம்.

இரண்டாவது ரிப்போர்ட்

ஜூலையில் மறுபடி ஆற்காடு போனேன். இதற்குக் காசு வாங்கவில்லை.

பேங்க் அச்சைத் தூர வைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் பக்கத்திலேயே, இந்த மதிப்பீடு எந்தப் படிவத்துக்காக, எந்தத் தேதியில், எந்த டாலர் விகிதத்தில் என்று வந்துவிட்டது. அடுத்தது வாரிசுகள் மூவர், ஆளுக்கு மூன்றில் ஒன்று, வாரிசுச் சான்றின் தேதி. மாவட்டப் பெயர் மாறிய வரலாறு ஒரு பத்தி, பழைய, புதிய சர்வே எண்கள் பக்கத்தில் பக்கத்தில். அடமானம் தீர்ந்த ரசீது ஆவணத்தின் எண். மாடியில் மகன் குடும்பம் குடியிருப்பது தனி வரியாக. புது வழிகாட்டி மதிப்பும், அதற்கும் என் விலைக்கும் ஏன் இடைவெளி என்பதும். சந்தை மதிப்பு 64 லட்சம். ஒரு வருஷத்துக்குள் விற்றால் கைக்கு வரக்கூடியது அதில் 90 சதவீதம், 57 லட்சத்து 60 ஆயிரம் என்று வைத்தேன். பங்கு பிரிக்காமல் விற்றால் இன்னும் குறையும் என்றும் எழுதினேன்.

பணத்தை நாட்டை விட்டு எடுத்துப் போக முடியுமா என்பதற்கும் பதில் வேண்டியிருந்தது. வெளிநாட்டில் உள்ள சொத்தைக் காட்டுகிறவர்களிடம் அதையும் எதிர்பார்க்கிறார்கள். இந்தியாவில் வசிக்கும் அம்மா ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டுக் குடிமகளான மகளின் பங்குக்கு வழி வேறு: வாங்குகிறவர் வரி பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார், அது வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய பேங்கில் வைக்கும் என்.ஆர்.ஓ. கணக்குக்குப் போய், ஆடிட்டர் சான்றோடு வருஷத்துக்கு பத்து லட்சம் டாலர் வரை வெளியே போகலாம். இது ஆடிட்டரின் எல்லை என்பதால் அவர் தனிக் கடிதம் கொடுத்தார், நான் அதைக் குறிப்பிட மட்டும் செய்தேன்.

இப்படி எழுதிக் கூட்டிப் பார்த்தால் இரண்டு பங்கு 38 லட்சத்து 40 ஆயிரம், டெபாசிட் ஒன்பது, ஆக 47 லட்சத்து 40 ஆயிரம். டாலரில் 56,700 சொச்சம். தேவை 60,000. நேர்மையாக எழுதிய ரிப்போர்ட்டில் அந்த வீடு தேறவில்லை.

மகளிடம் போனில் சொன்னபோது நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தம்பி ரொம்ப கோவமா இருக்கானா சார்?" என்று கேட்டார்.

அடுத்தவர் வாசல்

கடைசியில் அவர் தயங்கிய வாசலுக்கே போனார். அம்மாவின் தம்பி மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறார். மாமன் மகன் என்ற உரிமையில் கேட்க, அவர் அதே வாரம் கூட்டு ஸ்பான்சர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: மகளின் 27,000த்தோடு அவர் வருமானத்தைக் கூட்ட முடியாது. கூட்டு ஸ்பான்சர் தன் ஒருவருடைய வருமானத்திலேயே, தன் குடும்பத்தையும் வருகிறவரையும் சேர்த்து எண்ணி, முழு வரம்பையும் தாண்ட வேண்டும். அவர் வீட்டில் மூன்று பேர், அம்மா நாலாவது; அதே 39,000தான். அவருக்கு அது பிரச்சினையே இல்லை.

வக்கீல் என் இரண்டாவது ரிப்போர்ட்டைக் கோப்பில் சேர்க்கவே இல்லை. தேவையில்லாத காகிதம் தேவையில்லாத கேள்வியைக் கொண்டுவரும் என்று காரணம் சொன்னாராம். மூன்று மாத வேலை; கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் சொன்னது சரி.

சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியே அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. அம்மாவுக்குக் குடியேற்ற விசா நேர்காணல் வந்ததோ மும்பையில். 2025 மார்ச்சில் தம்பிதான் கூட்டிக்கொண்டு போனார். வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லையாம். மகள் எப்போது கல்யாணம் ஆகிப் போனாள், பேரன் பெயர் என்ன என்று கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அம்மா அமெரிக்காவுக்குப் புறப்படும் முன் பட்டாவை மூன்று பெயரிலும் மாற்றினார்கள். தம்பி கேட்டு வாங்கிய ஒரே விஷயம் அதுதான். மாடிக் கணக்கு இன்னும் பேசி முடியவில்லை என்று கேள்வி.

பட்டா வேலையாக ஒரு கையெழுத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அம்மா இரண்டாவது ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாம் பக்கத்தில் 'இதர இனங்கள்' வந்ததும் மருமகளை நிறுத்தச் சொன்னார். காம்பவுண்டு, போர்வெல், சம்பு, கேட்டுக்குக் கீழே நான் ஒரு வரி சேர்த்திருந்தேன்: தென்னை, காய்ப்பில் உள்ளவை, 2 மரம். விலைக் கட்டத்தில் கோடு மட்டும் போட்டிருந்தேன்.

"வெல இன்னான்னு போடலியே தம்பி?" என்றார்.